சாட்சிக்கு ஒரு பாவம்

வெள்ளிக்கிழமை அவருக்கு உபவாசம். அன்றைக்குத்தான் அவர் தவறாமல் ராட்டினங்கிணறு டீக்கடைக்கு வருவார். கையைக் குறுக்கே ஆட்டி, "எனக்கு வேணாம்ணே, இன்னிக்கி உபவாசம்" என்பார். கடைக்காரர் கேட்டிருக்கவே மாட்டார் என்பது வேறு விஷயம். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் வடை தின்பதை அரைமணி நேரம் அமைதியாகப் பார்த்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே ஆபீசுக்குக் கிளம்புவார். மற்ற ஆறு நாட்களில் அவர் அந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. அவர் செங்கல்பட்டில் சர்வே ஆபீஸ் கிளார்க். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் சபை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால். வெயில் காலத்தில் உள்ளே இட்லி வைத்தால் வெந்துவிடும். ஒழுங்காகச் சுற்றும் ஃபேன் ஒன்றே ஒன்று. அதற்கு நேர் கீழே, முதல் வரிசையின் முதல் நாற்காலி அவருடையது. ஒன்பதரை மணி ஆராதனைக்கு ஏழரைக்கே வந்துவிடுவார். சாவி வைத்திருக்கும் பாஸ்டரே எட்டு மணிக்குத்தான் வருவார். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் இவர் படியிலிருந்து எழுந்து, "ஸ்தோத்திரம் பாஸ்டர், நான் அப்பவே வந்துட்டேன்" என்பார். அந்த 'அப்பவே'யைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பதினோரு வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை என்பது அவருடைய ரெக்கார்டு. ஒரு வருஷம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. இவருக்கும் வந்துவிட்டது. இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம். வேறு யாராக இருந்தாலும் வீட்டில் படுத்திருப்பார்கள். இவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழரைக்கே வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? எல்லோருக்கும் கைகொடுத்து, "கண்ணே தெரில, ஆனாலும் வந்துட்டேன்" என்று ஆள் ஆளாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு சபையே கூலிங் கிளாசோடு உட்கார்ந்திருந்தது. பாஸ்டரும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பிரசங்கம் பண்ணினார். கண் மங்கி எழுத்து தெரியாததால் எல்லா வசனத்தையும் மனப்பாடமாகவே சொல்லி ஒப்பேற்றினார். கீபோர்டு வாசித்த பெண் கண்ணைக் கசக்கிய கையாலேயே வாசித்ததில், அதற்கடுத்த வாரம் கீபோர்டைத் தொட ஆளில்லை. இவருக்கு அதற்குள் குணமாகிவிட்டது. காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்து, "லேசா கண்ணு செவந்தா வராம வுட்டுடறதா? இன்னா விசுவாசமோ" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஜெபமும் அப்படித்தான். "ஆண்டவரே, உமக்கே தெரியும்" என்று தொடங்குவார். அப்புறம், ஆண்டவருக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவருக்கே சொல்வார். எந்த மழையில் நனைந்து வந்தார், எந்தக் கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார், யாரெல்லாம் வரவில்லை, எல்லாம். புத்தாண்டுக் காலையில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளுக்கொன்று கண்ணை மூடி எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொல்லும் வசனம் அது. இவருக்குப் பொறுமையாக இருக்கச் சொல்லி வந்தது. "இது பக்கத்து ஆளோடது, தவறிக் கையில வந்துட்ச்சி" என்று திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தார். அதுவும் சரிப்படவில்லை. மூன்றாவதில் உயர்வு வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்குத் தட்டை நகர்த்தினார்.

அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி அவருடைய மனைவி வருவாள். அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. சபையில் பெண்கள் பக்கம், கடைசித் தூணை ஒட்டி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அவர் வேகமாக நடப்பவர். பின்னால் ஆள் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

இனி என் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. சபைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தேன். கடவுளும் இல்லை கிடவுளும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லி அழவைத்தவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் இருக்க மாட்டேன். சபைக்கு நேர் எதிரில் இருந்த பெட்டிக்கடைக்குப் பன்னிரண்டு இருபதுக்கு வந்து, சரியாகப் பன்னிரண்டரைக்கு, ஜனம் வெளியே வரும் நேரம் பார்த்து, ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பேன். புகையை உள்ளே இழுக்க எனக்குத் தெரியாது. வாயில் வைத்து ஊதிவிடுவேன். தாய்மார்கள் "அய்யோ இந்தப் பையன்" என்று தலையில் அடித்துக்கொண்டு போவார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு அது போதும்.

இப்படி அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று போய்க்கொண்டிருந்தபோதுதான் சபைக்கு ஒரு பழைய சாராய வியாபாரி வந்து சேர்ந்தார். காதிலிருந்து வாய்வரை வெட்டுத் தழும்பு. எங்கள் மாதிரிச் சபைகளில் சாட்சி என்று ஒன்று உண்டு. எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, எப்படி இருந்த நான் எப்படி மாறினேன் என்று சொல்வது. அந்த மனுஷன் சொன்ன சாட்சியில் கத்தி வந்தது, ஜெயில் வந்தது, போலீஸ் ஜீப்பிலிருந்து குதித்தது வந்தது. ஜனம் தேம்பித் தேம்பி அழுதது. என் அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துச் சபைகளெல்லாம் அவரைக் கூப்பிட ஆரம்பித்தன.

அடுத்த ஞாயிறே நம் கிளார்க் எழுந்தார். "நான் சின்ன வயசுலேர்ந்து சினிமா பாத்ததில்ல. பீடி தொட்டதில்ல. ஸ்கூல்ல மார்க்கு கம்மியா வாங்குனதில்ல..." இரண்டாவது நிமிஷம் யாரோ கொட்டாவி விட்டார்கள். மூன்றாவது நிமிஷம் பாஸ்டர் கண்ணைக் காட்ட, கீபோர்டுப் பெண் மெதுவாக ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். முடியுங்கள் என்று அர்த்தம். "ஆமென், உக்காருங்க பிரதர்." இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பாவம்டா, மொகமே சுண்டிப்போச்சி" என்றாள்.

அந்த ஜனவரியில் மாமல்லபுரத்தில் கடலோரம் பெரிய கூட்டம். பன்னிரண்டு சபைகள் சேர்ந்து நடத்துவது. ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒரு சாட்சி, பதினைந்து நிமிஷம். சாராய வியாபாரிக்கு அன்றைக்கு வேறு ஊரில் கூட்டம் இருந்தது. "மனம் மாறுன சாட்சி வேற யாருக்காவது இருந்தா சொல்லுங்க" என்று பாஸ்டர் டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நம் கிளார்க் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கையில் ஒரு பேப்பரும் இல்லை. கடையில் ஆள் போகும்வரை காத்திருந்தார்.

"தம்பி, ஒனக்குப் பாவம் தெரியும் இல்ல?"

"இன்னாண்ணே?"

"அதான்ப்பா, குடி, கூத்து... நீதான் பண்ணிக்கினு கீறியே. ஊரே சொல்லுது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஏதோ கொஞ்சம் தெரியும்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கத்துக்குடு. ஒரே வாட்டி. அப்பறம் நான் மனந்திரும்பிடுவேன்."

"பண்ண மாதிரி சும்மா சொல்லிட்டா போச்சிண்ணே. யாரு பாக்கப் போறாங்க?"

அவர் என்னை அருவருப்பாகப் பார்த்தார். "சாட்சியில பொய் சொல்றதா? பாவம்ப்பா அது."

எந்தப் பாவம் என்று ஆலோசித்தோம். திருடினால் கவர்மெண்ட் வேலை போய்விடும். பெண் விஷயம் என்று இழுத்தேன். "ஐயே, பாஸ்டருக்குத் தெரிஞ்சா?" என்றார். அக்காவுக்குத் தெரிந்தால் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை. கடைசியில் குடிதான் என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை வசதி, புதன் வேதபாடத்துக்குள் வாசனை போய்விடும், வெள்ளி உபவாசத்தில் உடம்பும் சுத்தமாகிவிடும் என்று கணக்குப் போட்டார். ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம்: சொந்த வேலை. நான் அதுவரை பீர் பாட்டிலைப் பக்கத்தில்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொன்னால் என் மரியாதை என்ன ஆவது?

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில், சின்னப் பிள்ளைகள் பிக்னிக் போவதுபோல ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம். மாமல்லபுரத்தில் அது வெள்ளைக்காரர்கள் வரும் சீசன். கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் கீற்றுக் கொட்டகைக்கு அடியில் உட்கார்ந்தோம். பீர் வந்தது. சர்வர் திறக்கப் போனான். "இரு தம்பி" என்று அவனை நிறுத்திவிட்டு இவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, உமக்கே தெரியும். இது என் ஆசைக்காக இல்ல, உம்முடைய மகிமைக்காக..." குரல் நல்ல கனம். பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்தாள். சர்வர் ஓப்பனரைக் கையில் பிடித்தபடி, ஆமென் வரும்வரை அட்டென்ஷனில் நின்றான்.

ஒரு மடக்குக் குடித்தார். "கஷாயம் மாதிரி கீது" என்றார். சர்வரைக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் சக்கர போட்டு எட்த்தா" என்றார். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினான். நான் பழகிய ஆள் போலக் காட்டிக்கொள்ள மளமளவென்று ஒன்றரை பாட்டிலை உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் கடல் எனக்கு வலதுபக்கமாகச் சாய்ந்தது. எழுந்து ஓடினேன். ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் முட்டிபோட்டு, காலையில் தின்ற பொங்கல் உட்பட எல்லாவற்றையும் மணலில் கொட்டினேன். அவர்தான் பின்னாலேயே ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். முதுகைத் தடவினார். அப்புறம் ஏக்கமாகச் சொன்னார்: "நல்லா வாந்தி எடுக்கற தம்பி நீ. எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது."

அரை கிளாஸ் குடித்தும் அவருக்கு ஏறவும் இல்லை, கிறுகிறுக்கவும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஏலக்காயை மென்றுகொண்டு, "இதுல இன்னாத்தச் சொல்றது?" என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கிடந்தேன்.

கூட்டத்தன்று நான் போகாமல் இருப்பேனா? அம்மாவிடம் "சும்மா வேடிக்கை பாக்க" என்று சொல்லி, சபை வேனிலேயே தொற்றிக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணி. மேடை, ட்யூப் லைட், சவுக்கு மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள். மணலில் தார்ப்பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் சுண்டல்காரருக்குப் பக்கத்தில் நின்றேன்.

எங்கள் சபையின் முறை வந்ததும், கிளார்க் வெள்ளைச் சட்டையில் மேடையேறினார். மைக்கைக் கையில் எடுத்தார். "நான் ஒரு குடிகாரன்" என்றார். கூட்டம் நிமிர்ந்தது. அவ்வளவுதான், அந்த மனுஷனுக்கு இறக்கை முளைத்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பல வருஷமாயிற்று. அரை கிளாஸ் பெட்டி பெட்டியாயிற்று. "இதே மாமல்லபுரத்து மணல்ல, கட்டுமரத்துக்குப் பின்னால வாந்தி எடுத்து வுழுந்து கெடந்தேன்!" என்று கதறினார். ஜனம் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று உருகியது.

அது என் வாந்தி! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் எடுத்த வாந்திக்கு அவர் கைதட்டல் வாங்குகிறார். ஓடிப்போய் மேடையேறி, "அது நான்!" என்று கத்தலாமா என்றுகூடக் கால் துடித்தது. என் லட்சணம் எனக்கே தெரிந்தது அப்போதுதான். அவர் ஏழரைக்கு வந்ததும் ஆண்டவருக்காக இல்லை, நான் சிகரெட் ஊதியதும் ஆண்டவரை எதிர்த்து இல்லை. இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது பன்னிரண்டரைக்கு வெளியே வரும் அந்த ஜனம்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொறாமை போகவில்லை.

அவருக்கோ இன்னும் போதவில்லை. முன்வரிசையில் அழுகை அடங்குவதைப் பார்த்துவிட்டார். பொய் பாவம் என்று சொன்னவர், குரலை உயர்த்தி, "குட்ச்சிட்டு வூட்டுக்குப் போயி, என் மனைவிய எட்டி ஒதச்சேன்! முடியப் புட்ச்சி இழுத்துத் தெருவுல தள்னேன்!" என்றார். பெண்கள் பக்கம் அத்தனை தலைகளும் அக்காவின் பக்கம் திரும்பின. இரண்டு பேர் அவள் முதுகைத் தடவ ஆரம்பித்தார்கள்.

அக்கா எழுந்தாள். தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தவர்களை "கொஞ்சம் நவுருங்க, நவுருங்க" என்று விலக்கிக்கொண்டு வந்து, மேடைப் படியேறினாள். கணவனுக்காகச் சாட்சி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, பாஸ்டரே கைகொடுத்து ஏற்றிவிட்டார். அவள் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"இவரு என்ன அடிச்சதே இல்லீங்க" என்றாள். ஸ்பீக்கர்களில் அவள் குரல் எல்லோருக்கும் புதிதாக இருந்தது. "அடிக்கணும்னா என்னைப் பாக்கணும் இல்ல?"

யாரோ பழக்கத்தில் "அல்லேலூயா" என்று தொடங்கி, பாதியில் விழுங்கினார்கள்.

"இந்த சபைக்கு வந்த வருசம் நகை போடக்கூடாதுன்னாரு. எங்க அம்மா போட்ட காதுத் தோட்டக் கழட்டி வெச்சேன். போன ஆடியில எட்த்துத் திரும்பப் போட்டுக்கினேன்." முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். காதில் சிவப்புக் கல் தோடு ட்யூப் லைட்டில் பளிச்சென்றது. பாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆறு மாசமா வூட்ல இதோடதான் சோறு போடறேன். என்னைக்கு இவரு கண்ணுல படுதுன்னு பாத்துக்கினே கீறேன். இதுவரைக்கும் படல."

அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"போன மாசம் ஒரு செவ்வாக்கெழம குட்ச்சிட்டு வந்தாரு. ஏலக்கா மென்னுகினு வந்தா எனக்குத் தெரியாதா? நெசமா சொல்றேங்க, எனக்கு சந்தோசமா இருந்துச்சி. இந்த மனுசன் யாருக்கும் சொல்லாம ஒரு வேல பண்ணிக்கிறாரேன்னு. ஊருக்கெல்லாம் தெரியாம எனக்கு மட்டும் இவரப் பத்தி ஒண்ணு தெரியுதேன்னு, ராவெல்லாம் சிரிச்சிக்கினே படுத்திருந்தேன். அதயும் இப்ப மைக்குல சொல்லிட்டாரு."

சொல்லி முடித்து மைக்கைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். அவள் கணவர் அவள் பக்கம் திரும்பினார். சர்வே ஆபீசில் பழைய வரைபடத்தைக் குனிந்து பார்ப்பாரே, அதுமாதிரி குனிந்து முதலில் இடது காதைப் பார்த்தார். சுற்றிப் போய் வலது காதைப் பார்த்தார். அப்புறம், இத்தனை பேர் எதிரில் இருப்பதே ஞாபகம் இல்லாதவர்போல, அந்தக் காதில் ஏதோ சொன்னார். சின்னதாக, ஐந்தாறு வார்த்தை இருக்கும்.

அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் மேடையில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, கீழே ஜனமும் என்னவென்றே தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தது. பாஸ்டர் பதறிப்போய்க் கீபோர்டுக்குச் சைகை காட்டினார். அக்காவின் பின்னாலேயே இறங்கி வந்து அவர் நேராகப் பெண்கள் பக்கம் போய், அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேட்ஜ் குத்திய வாலண்டியர் ஓடி வந்தான். "பிரதர், ஆம்பளைங்க அந்தப் பக்கம்."

"எம் பொண்டாட்டி பக்கத்துல குந்திகினு கீறேன். போவியா!"

திரும்பும் வேனில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டேவிட்டேன். "அண்ணே, அக்கா காதுல இன்னாண்ணே சொன்ன?"

அவர் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். சொல்ல வாயும் எடுத்துவிட்டார். அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை, அசையக்கூட இல்லை. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். தொண்டைக்குள் அது ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது. நாலு கிலோமீட்டர் தூரம் அந்த மனுஷன் பட்ட பாட்டை, எந்த உபவாசத்திலும் பட்டிருக்க மாட்டார்.

"வேணாம் தம்பி" என்றார் கடைசியில். "அது அவளுது."